எலுமிச்சை இலையில் ஓடிய வெள்ளிக் கோடு

ரங்கூனில் குண்டு விழுந்து நாலைந்து மாதம் கழித்து, ஒரு வைகாசியில், எங்கள் கொல்லையில் நின்ற எலுமிச்சைச் செடியின் துளிர்களில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. முதலில் பார்த்தது நான். துணி காயப்போடப் போனவள், வெயிலில் ஏதோ மினுங்குகிறதே என்று குனிந்து பார்த்தேன். நத்தை ஊர்ந்து போன சுவரில் ஒரு பளபளப்பு நிற்குமே, அந்த மாதிரி இலைக்கு இலை வளைந்து நெளிந்து ஒரு தடம். விரலால் தேய்த்தேன், போகவில்லை. கோடு இலையின் மேல் இல்லை, தோலுக்குள் இருந்தது. செடி என்றால் ஏதாவது சீக்கு வரும்தானே என்று நினைத்துக்கொண்டு, துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வேறு செடியாக இருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அந்தக் கன்றை நட்டவர் என் நாத்தனாரின் கணவர்.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன ஓட்டு வீடு எங்களுடையது. நான், என் வீட்டுக்காரர், மாமியார், வீட்டுக்காரரின் தங்கை என்று நான்கு பேர். என் வீட்டுக்காரர் டவுனுக்குள் ஒரு கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தார். காலையில் சைக்கிளில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். நாத்தனாரை டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மாப்பிள்ளை ரங்கூனில் மரம் அறுக்கிற மில்லில் வேலை என்று கப்பல் ஏறிவிட்டார். கிளம்புவதற்கு முந்தின வாரம் அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டவர், கையோடு ஈரச்சாக்கில் சுற்றி ஒரு எலுமிச்சைக் கன்றும் கொண்டுவந்திருந்தார். கிணற்றடியில் குழி வெட்டி அவரே நட்டார்.

"காய் பிடிக்கிறதுக்குள்ள வந்துருவேன் மாப்ள," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

இரண்டு வருஷம் கடிதமும் மணியார்டரும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. செடியும் எங்கள் தோள் உயரத்துக்கு வந்தது. அந்த மார்கழியில் குண்டு விழுந்தது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. கப்பல் நின்றுவிட்டது, ஜனங்கள் அஸ்ஸாம் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பர்மா அரிசி வராமல் கடையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் கடை அடைத்ததும் ரயிலடிக்குப் போய் நிற்பார். அந்தப் பக்கத்திலிருந்து கால் வீங்கி, தலை சடை பிடித்து இறங்குகிறவர்களிடம் விசாரிப்பார். அவர் வீடு திரும்பி சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று.

நாத்தனார் பேச்சை விட்டிருந்தாள். அழுகை, கோபம் எதுவும் கிடையாது. தண்ணீர் இறைப்பாள், மாவு ஆட்டுவாள், கேட்டால் 'ம்' என்பாள். என்னைவிட ஒரு வயதுதான் இளையவள். கல்யாணத்துக்கு முன்பு அவள் வாயை அடக்க முடியாமல் நான் தவித்தது உண்டு. அந்த வீட்டில் அந்த மௌனம் ஒரு ஆளைப்போல நடமாடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்கு வந்தாள். எலுமிச்சைச் செடியைப் பார்த்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டாள்.

"என்ன சின்னம்மா இது? நாகம் ஊர்ந்த தடமாட்டம் இருக்கு. ஒவ்வொரு இலையிலயும் பாருங்க, வாலு கூடத் தெரியுது."

மாமியார் பார்த்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மறுநாள் காலையில் முந்தானையில் வெற்றிலை பாக்கை முடிந்துகொண்டு, வில்லாபுரத்தில் குறி சொல்கிற ஒரு அம்மாவைப் பார்க்கப் போனார். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"செடிய நட்டவன் மேல நாகத்தோட பார்வ விழுந்திருக்காம். வர்ற அமாவாசைக்குள்ள வேரோட எடுத்து எரிக்கணுமாம். இல்லாட்டி இவ கழுத்துல ஒண்ணும் தங்காதாம்."

அடுப்படியில் நாத்தனார் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "செடிதானம்மா. ஒனக்கு மனசு ஆறும்னா எடுத்துரு," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆளைக் காணாமல் தவிக்கிற வீட்டில் ஒரு செடிக்காக யார் சண்டை போடுவார்கள்?

இரண்டு நாள் கழித்து விறகு வெட்டுகிற ஆள் ஒருவர் கோடரியும் கடப்பாரையுமாக வந்தார். மாமியார் அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். நாத்தனார் அதற்கு முன்பே அங்கே இருந்தாள். ஒரு இலையைக் கிள்ளி, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இங்க வாங்க," என்றாள்.

மாதக்கணக்கில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போனேன். வெளிச்சத்தில் இலை கண்ணாடி போல இருந்தது. வெள்ளைக் கோட்டின் நடுவே மை இழுத்த மாதிரி மெல்லிசாக இன்னொரு கறுப்புக் கோடு. கோடு போய் முடிகிற இடத்தில், அரிசிக் குருணையில் பாதிகூட இருக்காது, மஞ்சளாக ஏதோ ஒன்று. உற்றுப் பார்த்தால் அது அசைந்தது.

"புழு," என்றேன்.

மாமியார் கிட்டே வரவில்லை. "புழுன்னா இலையத் திங்கும், ஓட்ட விழும். இதுல ஓட்ட எங்க இருக்கு? இலைக்குள்ள எப்பிடிப் போகும்? போன வழி எங்க?"

கேள்வி நியாயமானதுதான். விறகுவெட்டி கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். மாமியார் அவரிடம், "நீ வெட்டுய்யா," என்றார்.

நாத்தனார் செடிக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அவள் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"இத வெட்டினா அவுக வந்துருவாகளா?"

மாமியார் விறகுவெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்துருவாகன்னு சொல்லுங்க, நானே வெட்டுறேன். அமாவாசைக்கு இன்னும் நாள் கெடக்குல்ல. இது என்னன்னு நான் பாத்துக்கிறேன். பாம்புன்னு தெரிஞ்சா அப்பறம் எரிங்க."

விறகுவெட்டிதான் முதலில் அசைந்தார். "ஆத்தா, நான் இன்னொரு நாளைக்கு வாரேன்," என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகள் பேசியதில் அவருக்குக் கோபமா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று மத்தியானம் மகளுக்கு மறுசோறு அவரே போட்டார்.

அதன்பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே வேலையாகிவிட்டது. கோடு விழுந்த இலைகளைப் பறித்து ஒரு டம்ளரில் போட்டு வைத்தோம். மறுநாளே இலை வாடி, புழு சுருண்டு செத்துப்போனது. செடியிலேயே இருந்தால்தான் அது பிழைக்கும் என்று புரிந்தது. கிழிந்துபோன மல் வேட்டி ஒன்றைப் பைபோலத் தைத்து, துளிர் நிறைந்த ஒரு கிளையை அதற்குள் விட்டு, வாயை நூலால் கட்டினோம். துணி மெல்லிசு என்பதால் உள்ளே நடப்பது ஓரளவு தெரியும். காலையில் ஒரு தடவை, வேலை ஒழிந்த பிறகு ஒரு தடவை அவிழ்த்துப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர், கடிகாரம் பார்க்கும்போது கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். தங்கை கேட்டிருந்தாள். கேட்டாள் என்பதற்காகவே அவர் எதையும் கொண்டுவந்திருப்பார். முதலில் அவரே கண்ணில் மாட்டிக்கொண்டு இலையின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னண்ணே தெரியுது?"

"உயிருள்ளதுதான். தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே போகுது. கடியாரத்துக்குள்ள ஆடுற பாலன்ஸ் சக்கரம் கணக்கா," என்றார். பிறகு எழுந்து லென்ஸைத் துடைத்துத் தங்கையிடம் கொடுத்தார்.

நானும் பார்த்தேன். இலையின் தோல் எண்ணெய்க் காகிதம்போல மேலே எழும்பியிருக்க, அதற்கும் பச்சைக்கும் நடுவில் அந்தப் பூச்சி படுத்தவாக்கில் சாற்றை உறிஞ்சிக்கொண்டு முன்னேறியது. நடுவில் இழுத்த கறுப்புக் கோடு அதன் கழிவு. ஆரம்பத்தில் நூல்போல இருந்த தடம், போகப்போகப் புழு பெரிதாகிறதால் அகலமாகிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டு அக்கா பாம்பின் வால் என்று சொன்னது புழு பொரித்து வெளிவந்த இடம்! நடு நரம்பை ஒட்டி இருந்தது அது. அங்கே, வேறு துளிர்களில், வெயில் ஏறியும் காயாத பனித்துளி மாதிரி ஒன்றிரண்டு ஒட்டியிருந்தன. அவைதான் முட்டைகள். முட்டையிலிருந்து அப்படியே இலைக்குள் இறங்கிவிடுகிறது. போன வழி எப்படித் தெரியும்?

"அம்மாவக் கூப்பிடுங்க மதினி," என்றாள் நாத்தனார்.

மாமியார் வந்தார். லென்ஸைக் கண்ணில் வைக்க மறுத்துவிட்டார். "என் கண்ணுக்குத் தெரியாதத நான் எதுக்குப் பாக்கணும்? அது என்னவா வெளிய வருதுன்னு காட்டு. அப்ப ஒத்துக்கிறேன்."

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு எலுமிச்சைத் துளிரின் வாசனைதான் முதலில் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்து மாமியார் தலை சாய்த்த பிறகு, கிணற்றடி நிழலில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து காற்று வரும். துவைகல் சூடாக இருக்கும், அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொள்வோம். இலையைப் பார்த்துக்கொண்டே அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். இலையிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினாள்.

"காட்டுல நடந்து வாரவுகளுக்குத் தண்ணி கெடைக்குமா மதினி?"

"காடுன்னா ஓடை இருக்கும்ல."

"கெடைக்கும்தான?"

"கெடைக்கும்."

பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியாமல் சொன்னேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறொரு நாள் திடீரென்று சிரித்தாள். என்ன என்று கேட்டால், கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் வேட்டியைக் கன்றுக்குட்டி சப்பிவிட்ட கதையைச் சொன்னாள். எனக்குத் தெரிந்த கதைதான். புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன். உள்ளே படுத்திருந்த மாமியாரும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் முதல் நாங்கள் கொல்லையில் உட்கார்ந்தால், மாவு ஆட்டு, வடாம் போடு என்று அவர் கூப்பிடவே இல்லை.

ஒரு வாரம் போனது. பைக்குள் இருந்த புழுக்கள் ஒவ்வொன்றாக இலையின் ஓரத்துக்கு வந்தன. வந்த இடத்தில் இலை விளிம்பு உள்பக்கமாக மடிந்து, பீடி சுற்றின மாதிரி ஒட்டிக்கொண்டது. லென்ஸில் பார்த்தால் உள்ளே பட்டு இழைபோல ஏதோ பின்னியிருந்தது. அதன்பிறகு அசைவே இல்லை. காலையில் பார்த்தாலும் மடிப்பு, சாயங்காலம் பார்த்தாலும் மடிப்பு. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

"செத்துருச்சு போல," என்றார் மாமியார், ஒருநாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று. அவர் அவ்வளவு கிட்டே வந்து நின்றதே எங்களுக்கு ஆச்சரியம்.

இரண்டு நாள் கழித்துப் பைக்குள் ஒரு பூச்சி பறந்தது. கொசுவில் பாதி, கறுப்பாக மின்னியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

மாமியார் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஈ. வெளியில இருந்து பைக்குள்ள நொழஞ்சிருக்கும். நீ கட்டின லட்சணம் அப்பிடி."

நாத்தனார் நூலைத் தடவித் தடவிப் பார்த்தாள். இடைவெளி எதுவும் இல்லை. ஒரு மடிப்பில் சின்ன ஓட்டை தெரிய, அதைப் பிரித்தாள். உள்ளே புழுவின் வெறும் தோல் காய்ந்து கிடந்தது. அது புழுவின் பிள்ளையா, புழுவைத் தின்றதா என்று எங்களால் முடிவுகட்ட முடியவில்லை. பல வருஷம் கழித்து என் மகள் காலேஜில் விலங்கியல் படிக்கும்போதுதான் அது விளங்கியது. புழுவின் மேல் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்கிற குளவி ஜாதியாம் அது. வெள்ளைக் கோடு போட்ட புழுவுக்கு இலைத் துளைப்பான் என்று பெயர் இருப்பதையும் அவள்தான் சொன்னாள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாமியாரிடம் காட்டக் கையில் எதுவும் இல்லை என்பதுதான்.

"நாளை மறுநாள் அமாவாச," என்று மாமியார் நினைவுபடுத்தினார். குரலில் கண்டிப்பு குறைந்திருந்தது. ஆனாலும் சொன்னார்.

மறுநாள் காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், கட்டியிருந்த துணியின் உள்பக்கம் ஒரு வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. பொடி இல்லை, அந்துப்பூச்சி. எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். இறக்கை முழுக்க வெள்ளி, ஓரமெல்லாம் குஞ்சம் வைத்த மாதிரி மயிர், இறக்கை நுனியில் மையால் வைத்ததுபோல ஒரு கறுப்புப் பொட்டு. பக்கத்து மடிப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். அதிலிருந்துதான் இது வந்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மடிப்பும் அசைந்தது.

மாமியார் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். இந்த முறை லென்ஸைக் கையை நீட்டி வாங்கினார். கண்ணில் இடுக்கத் தெரியாமல் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டாவது மடிப்பிலிருந்து கூடு மெல்ல முண்டி வந்தது. அது வெடித்து, நசுங்கிய வெள்ளை ஒன்று வெளியே ஏறி, இறக்கை விரிகிறவரை அசையாமல் நின்று பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார் கடைசியில்.

"இம்புட்டுத்தாம்மா," என்றாள் நாத்தனார்.

மாமியார் துவைகல்லில் உட்கார்ந்து அழுதார். மகள் முன்னால் அவர் அழுதது அன்றுதான். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தார் போல. நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் அவிழ்த்த பையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அந்துப்பூச்சிகள் எங்கே போயின என்று யாரும் பார்க்கவில்லை.

விறகுவெட்டி திரும்ப வந்தபோது, "வேண்டாம்யா, அது பூச்சிதான்," என்று மாமியார் திருப்பி அனுப்பினார். அமாவாசையன்று மட்டும் செடியின் தூரில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் பார்ப்பதைக் கண்டு, "இருக்கட்டும், ஊத்துனா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றார். சுருண்டுபோன இலைகளை நாத்தனார் ஒவ்வொன்றாகக் கிள்ளி அடுப்பில் போட்டாள்.

ஆனி போனது, ஆடி போனது. ஆவணியில், தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதில் ஊரெல்லாம் கலவரம், ரயில் சரியாக ஓடவில்லை. என் வீட்டுக்காரர் அப்போதும் ரயிலடிக்குப் போய்வந்தார். நாத்தனார் இப்போது பேசினாள், சாப்பிட்டாள், சில நாள் அழவும் செய்தாள். அழுதால் தேவலை என்று இருந்தது எங்களுக்கு.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, இன்னும் பொழுது சாயவில்லை, சைக்கிள் சத்தம் கேட்டது. கடை அடைக்கிற நேரம் இல்லையே என்று நான் வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஒருவர் நடந்து வந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. தாடியும் பரட்டையுமாக, நெஞ்செலும்பு எண்ணுகிற மாதிரி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

எந்த வழியாக வந்தார், எத்தனை பேரோடு கிளம்பினார், எத்தனை பேரோடு வந்து சேர்ந்தார் என்பதை அவர் அன்றும் சொல்லவில்லை, பின்னால் கல்லுப்பட்டியில் சொந்த நிலத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்த காலத்திலும் சொல்லவில்லை. நாங்களும் கேட்டதில்லை. அஸ்ஸாம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். வலது காலில் இரண்டு விரல் இல்லை.

அன்று மாமியார் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை. அவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான்தான் அண்டாவில் வெந்நீர் போட்டேன். அவரைக் குளிக்க அனுப்பிவிட்டு அடுப்படிக்கு வந்தால், அவள் முறத்தில் அரிசியை எடுத்து வைத்துக்கொண்டு, கல் பொறுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வைக்கட்டும்?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அவுகளுக்கு என்ன புடிக்கும்னு எனக்கு மறந்துபோச்சு மதினி."

நான் அவள் தோளைப் பிடித்தேன். கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய அதிகாரத்தோடு.

"போய்க் கேளுடி. அதான் வந்துட்டாகல்ல."